முதலில் பூசணிக்காயில் வெட்டு

சித்தி கேட்டது ஒரு சின்னக் கேள்வி. நான் சொன்னதும் சின்னப் பதில்தான். அந்தப் பதிலால் ஒரு குழந்தையின் அறுவை சிகிச்சை மூன்று மாதம் தள்ளிப்போனது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

போன தீபாவளிக்கு ஈப்போவில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம். சித்தி மகனுக்கு அப்போது பதினோரு மாதம். பிறந்ததிலிருந்தே அவனுடைய மூச்சுக்குழாய் உறுதியில்லாமல் இருக்கிறது. மூச்சை வெளியே விடும்போது குழாய் உள்பக்கமாக அமுங்கிவிடும். ரொம்ப அழுதால் உதடு நீலமாகிவிடும். சளி பிடித்தால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. சித்தியும் சித்தப்பாவும் முறை வைத்துக்கொண்டு விழித்திருப்பார்கள்.

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது சித்தி கேட்டார்: "தம்பி, நீ படிக்கிறது இதுதானே? மிஷின்ல பிரிண்ட் பண்றாங்களாமே. பிள்ளைக்கு ஒரு குழாய் செஞ்சு வைக்க முடியாதா?"

என்னுடைய கடைசி வருட புராஜெக்ட்டே அதுதான். 3டி பிரிண்டரில் மூச்சுக்குழாய்க்கான சின்னச் சின்ன வளையங்கள் அச்சடித்து, எவ்வளவு அழுத்தம் தாங்குகிறது என்று பார்ப்பது. கைப்பேசியில் இருந்த ஒரு படத்தைக் காட்டினேன். வெள்ளை வெளேரென்று, தேன்கூடு மாதிரி துளைகளோடு, அழகான வளையம். "இன்னும் ரெண்டு மூனு வருசத்துல வந்துரும் சித்தி. அவனோட சொந்த செல்லையே வச்சு செய்யலாம்" என்றேன்.

சித்தி அழுதுவிட்டார். என் அம்மா முகத்தில் அப்படி ஒரு பெருமை. அன்றைக்கு எல்லாரும் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

படம் சொல்லாததை நான் சொல்கிறேன். நாங்கள் மொத்தம் 12 வளையங்கள் அச்சடித்தோம். 5 அழுத்தத்தில் சப்பையாகிவிட்டன. 2 அடுக்கடுக்காகப் பிரிந்து வந்தன. 4 ஏதோ சமாளித்தன. அழகாக வந்தது ஒன்றுதான், அதைத்தான் படம் பிடித்தோம். அந்தப் பன்னிரண்டில் எதன்மீதும் நாங்கள் ஒரு செல்லைக்கூட வைத்துப் பார்த்ததில்லை.

பிப்ரவரி கடைசியில் அம்மா போனில் சொன்னார். தீபாவளி முடிந்து சில வாரத்திலேயே டாக்டர் ஓர் அறுவை சிகிச்சை செய்யலாம் என்று சொன்னாராம். மூச்சுக்குழாயின் முன்னால் ஓடும் பெரிய ரத்தக் குழாயைத் தூக்கி நெஞ்செலும்போடு சேர்த்துத் தைத்துவிட்டால், அதோடு ஒட்டியிருக்கும் மூச்சுக்குழாயும் இழுபட்டுத் திறந்து நிற்கும். பல வருடங்களாகச் செய்துவரும் சிகிச்சை. சித்தி வேண்டாம் என்றிருக்கிறார். "அக்கா மகன் சொல்லியிருக்கான், புதுசு வரப்போகுது. எதுக்குப் பிள்ளை நெஞ்சைக் கிழிக்கணும்?"

அன்றிரவு ஹாஸ்டலில் எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் பொய் சொல்ல நினைக்கவில்லை. சித்திக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். நல்ல மனதோடு சொன்ன வார்த்தை தவறாகுமா?

சாரம் கட்டுவது மாதிரி

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். வீடு கட்டும்போது சாரம் கட்டுவார்கள் அல்லவா? சுவர் எழும்பி நிற்கும்வரை அது தாங்கும். வேலை முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். திசுப் பொறியியலும் இந்த யோசனைதான். உடம்புக்கு ஒத்துப்போகும் பொருளில் ஒரு சாரம் செய்வது, அதில் நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களை விதைப்பது, அவை வளர்ந்து திசுவாக ஆனபின் சாரம் மெல்லக் கரைந்துபோவது. சொந்த செல் என்பதால் உடம்பு அதை வெளி ஆள் என்று நினைத்து எதிர்க்காது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

மூச்சுக்குழாய் பார்ப்பதற்கு ஒரு சாதாரணக் குழாய்தான். பெரியவர்களுக்குச் சுமார் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம். 16 முதல் 20 வரை குருத்தெலும்பு வளையங்கள். அதனால்தான் நிறைய பேர் இதைச் சுலபம் என்று நினைத்தார்கள். நானும் நினைத்தேன். ஆனால் அதன் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து சளியை மேலே தள்ளுகின்றன. அந்த வேலை நின்றால் சளி தேங்கும், கிருமி குடியேறும். நாம் இழுக்கும் காற்றும் தூசியும் முதலில் படுவதும் அங்கேதான்.

இன்னொரு சிக்கல் ரத்தம். ஓர் உயிருள்ள செல்லுக்கு ஆக்சிஜன் கிடைக்க வேண்டுமென்றால், மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தூரத்துக்குள் ஒரு ரத்த நுண்குழாய் இருக்க வேண்டும். மூச்சுக்குழாய்க்கு என்று தனியாக ஒரு பெரிய ரத்தக் குழாய் கிடையாது. பக்கத்திலிருந்து பல சின்னச் சின்னக் குழாய்கள் வந்து ஊட்டுகின்றன. சாரத்தில் செல்லை விதைத்துவிடலாம். ஆனால் அதற்கு யார் சோறு போடுவது? பயிரை நட்டுவிட்டு வாய்க்கால் வெட்டாமல் விட்ட கதைதான்.

ஸ்டாக்ஹோமில் நடந்தது

2011 ஜூன் மாதம், ஸ்வீடனில் கரோலின்ஸ்கா பல்கலைக்கழக மருத்துவமனையில், பாவ்லோ மாக்கியாரினி என்ற அறுவை மருத்துவர் உலகமே திரும்பிப் பார்த்த ஒரு சிகிச்சையைச் செய்தார். நோயாளி எரித்திரியாவைச் சேர்ந்த 36 வயது இளைஞர். ஐஸ்லாந்தில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தவர், பிள்ளைகளுக்குத் தகப்பன். மூச்சுக்குழாயில் கட்டி. அவருடைய ஸ்கேன் அளவை வைத்து லண்டனில் ஒரு பிளாஸ்டிக் குழாய் செய்தார்கள். அவருடைய எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்களை அதன்மீது ஊற்றி, ஒரு கருவிக்குள் சுமார் இரண்டு நாள் சுழலவிட்டு, அவருக்குப் பொருத்தினார்கள். அதே ஆண்டு நவம்பரில் லான்செட் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. செயற்கைக் குழாய் உயிருள்ள உறுப்பாக மாறிவருகிறது என்பதுதான் உலகத்துக்குப் போய்ச் சேர்ந்த செய்தி.

அந்த இளைஞர் 2014 ஜனவரியில் இறந்தார். ஸ்வீடனில் இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் மூவர். மூவருமே இன்று இல்லை. பிளாஸ்டிக் குழாய் திசுவோடு சேரவே இல்லை. மனிதர்களுக்குப் பொருத்துவதற்கு முன்பு அந்தக் குழாயை விலங்குகளில் முறையாகச் சோதிக்கவும் இல்லை.

அதே மருத்துவமனையில் வேலை பார்த்த நான்கு மருத்துவர்கள் நோயாளிகளின் ஆவணங்களை எடுத்து, கட்டுரைகளில் எழுதியிருந்ததோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. 2014-இல் நிர்வாகத்திடம் புகார் கொடுத்தார்கள். என்ன நடந்தது தெரியுமா? ஆவணங்களைப் பார்த்ததற்காக அவர்கள்மீதே போலீஸில் புகார் போனது. வெளியிலிருந்து வந்து விசாரித்த பேராசிரியர் 2015-இல் தவறு நடந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தும், பல்கலைக்கழகம் மாக்கியாரினி குற்றமற்றவர் என்றது. 2016 ஜனவரியில் ஸ்வீடன் தொலைக்காட்சியில் ஆவணப்படம் ஒளிபரப்பான பிறகுதான் நிலைமை மாறியது. பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார். மார்ச் மாதம் மாக்கியாரினி வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 2018-இல் லான்செட் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2023 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. அவர் கடைசிவரை குற்றத்தை மறுத்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2018-இல் பல்கலைக்கழகம் வெளியிட்ட இறுதி முடிவில், புகார் கொடுத்த நால்வரில் ஒருவர் பெயரும் தவறு செய்தவர்கள் பட்டியலில் இருந்தது. கட்டுரையில் அவர் பெயரும் இருந்ததே, அதனால். இது நியாயமா என்று நானும் நண்பர்களும் நிறைய விவாதித்தோம். ஆனால் ஒன்று புரிந்தது. நம் பெயர் போட்ட தாளுக்கு நாமும் பொறுப்பு.

இதையெல்லாம் படித்தபோது முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு அந்தத் தீபாவளி நாள் ஞாபகம் வந்தது. பன்னிரண்டில் ஒன்றை மட்டும் காட்டியவன் நானும்தானே? அளவு வேறு, விளைவு வேறு. பழக்கம் ஒன்றுதான்.

நல்லெண்ணம் போதுமா?

இதை என் ரூம் நண்பனிடம் சொன்னேன். அவன் தமிழ்ப்பள்ளியில் திருக்குறள் போட்டியில் பரிசு வாங்கியவன். "டேய், வள்ளுவரே சொல்லியிருக்காரே, நல்லது நடக்கும்னா பொய்யும் உண்மை மாதிரிதான்னு. நீ ஏன்டா இப்படிக் குழப்பிக்கிற?" என்றான்.

வாய்மை அதிகாரத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். அவன் சொன்னது பாதிதான். வள்ளுவர் போடும் நிபந்தனை, குற்றமில்லாத நன்மையை அது தர வேண்டும் என்பது. தர வேண்டும் என்று நாம் ஆசைப்பட்டால் போதும் என்று அவர் சொல்லவில்லை. விளைவு உண்மையிலேயே நன்மையாக இருக்க வேண்டும். அப்படியானால் வாயைத் திறக்கும் முன் விளைவு என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயற்சியும் செய்யவில்லை. அந்தக் குறளை எனக்குச் சாட்சியாகக் கூப்பிட முடியாது.

கீதையையும் நாம் இப்படித்தான் பயன்படுத்துகிறோம். கடமையைச் செய்துவிட்டு பலனைக் கடவுளிடம் விட்டுவிடு என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். பரீட்சை சரியாக எழுதாதவன்கூட இதைச் சொல்லித் தப்பிப்பான்! ஆனால் பலன் என்பதில் இரண்டு உண்டு. எனக்கு வரும் பலன்: பேர், புகழ், கைதட்டல், அம்மா முகத்துப் பெருமை. என் செயலால் அடுத்தவருக்கு வரும் பலன்: பாலத்தில் போகிறவர் பத்திரமாகப் போய்ச் சேர்வது, குழந்தை மூச்சு விடுவது. கீதை விடச் சொல்வது முதலாவதை என்றே நான் புரிந்துகொள்கிறேன். இரண்டாவது என் கடமைக்குள்ளேயே இருக்கிறது. பாலம் கட்டும் என்ஜினியர், "கட்டுவது என் வேலை, நிற்பதும் விழுவதும் இறைவன் செயல்" என்றால் நாம் ஒத்துக்கொள்வோமா?

ஸ்டாக்ஹோம் கதையை இந்தக் கண்ணோடு பாருங்கள். புகழ் என்ற பலன் வேண்டும் என்ற பிடிப்பு இருந்தால், கெட்ட முடிவு கண்ணில் படாது. பட்டாலும் எழுத மனம் வராது. அந்த நான்கு மருத்துவர்களுக்கோ எந்தப் பலனும் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் தொல்லை. அப்படியும் செய்தார்கள். பற்றில்லாமல் செயல்படுவது என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால், இனி அவர்களைத்தான் சொல்வேன்.

அப்படியானால் எதையுமே முயற்சி செய்யக்கூடாதா?

இந்தக் கேள்வி நியாயமானது. 2012-இல் அமெரிக்காவில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், மூன்று மாதக் குழந்தை ஒன்று செயற்கைச் சுவாசத்தில் இருந்தும் அடிக்கடி மூச்சு நின்று போராடிக்கொண்டிருந்தது. மூச்சுக்குழாயின் ஒரு கிளை அமுங்கிவிட்டது. கிளென் கிரீன் என்ற மருத்துவரும் ஸ்காட் ஹோலிஸ்டர் என்ற என்ஜினியரும், குழந்தையின் ஸ்கேன் அளவை வைத்து, பாலிகாப்ரோலாக்டோன் என்ற பொருளில் ஒரு சின்னப் பட்டையை 3டி பிரிண்டரில் செய்தார்கள். அதை மூச்சுக்குழாய்க்கு வெளியே சுற்றி, சுவரை அதோடு சேர்த்துத் தைத்தார்கள். 21 நாளில் குழந்தை செயற்கைச் சுவாசத்திலிருந்து முழுவதுமாக வெளிவந்தது. அந்தப் பட்டை சுமார் மூன்று வருடத்தில் உடம்பிலேயே கரைந்துவிடும். அதற்குள் குழாய் தானாக உறுதியாகிவிடும் என்பது கணக்கு.

இதுவும் மனிதரில் அதுவரை செய்யாத ஒன்றுதான். பிறகு வித்தியாசம் எங்கே? அந்தக் குழந்தைக்கு வேறு வழியே மிச்சமில்லை. விலங்குகளில் ஏற்கெனவே வேலை நடந்திருந்தது. அரசாங்க அமைப்பிடம் அவசர அனுமதி கேட்டு வாங்கினார்கள். முக்கியமாக, அவர்கள் செய்ததில் ஓர் அடக்கம் இருந்தது. புது உறுப்பைப் படைக்கிறோம் என்று அவர்கள் கிளம்பவில்லை. அதில் ஸ்டெம் செல்லே கிடையாது. குழந்தையின் சொந்தக் குழாய், சொந்த ரத்த ஓட்டம் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு, வளரும்வரை வெளியிலிருந்து தாங்கிப் பிடித்தார்கள். கொடிக்குக் கொம்பு நட்ட மாதிரி.

ஸ்வீடனில் நடந்தது வேறு. அந்த மூவரில் யாரும் உடனே உயிர் போகும் அவசர நிலையில் இல்லை, சிகிச்சை இல்லாமலே இன்னும் கொஞ்ச காலம் வாழ்ந்திருக்க முடியும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

சுஸ்ருதரின் பூசணிக்காய்

கோயிலில் நான் இந்தத் துறையைப் பற்றிப் பேசினால் ஓர் அங்கிள் தவறாமல் சொல்வார்: "இதெல்லாம் நம்மகிட்ட எப்பவோ இருந்துச்சு தம்பி. பிள்ளையாருக்குத் தலையையே மாத்தி வச்சவங்க நாம!" அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பிள்ளையார் கதை நமக்குச் சொல்ல வந்தது அறுவை சிகிச்சையை அல்ல. பெருமைப்பட வேண்டுமென்றால் நம்மிடம் சுஸ்ருத சம்ஹிதை இருக்கிறதே!

அறுபட்ட மூக்கைத் திரும்ப அமைப்பதற்கு அந்த நூல் வழி சொல்கிறது. ஓர் இலையை மூக்கின் அளவுக்கு வெட்டி, அந்த அளவில் கன்னத்துத் தோலை எடுத்து, ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படியே திருப்பி மூக்கில் பொருத்த வேண்டும். மூச்சு விடுவதற்காக இரண்டு சிறு குழல்களைச் செருக வேண்டும். தோலை முழுசாக வெட்டி எடுக்காமல் ஏன் ஒட்டவிட வேண்டும்? ஒட்டியிருக்கும் பக்கத்திலிருந்து ரத்தம் வர வேண்டுமே! ஸ்டாக்ஹோம் பிளாஸ்டிக் குழாய்க்கு இல்லாமல் போனது அதுதான். 2021 ஜனவரியில் நியூயார்க்கில் ஒரு மருத்துவக் குழு இறந்தவர் ஒருவரின் மூச்சுக்குழாயை முழுதாகப் பொருத்தியபோது, அவர்கள் மெனக்கெட்டது அந்தச் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களை இணைப்பதில்தான்.

அதைவிட எனக்குப் பிடித்தது அந்த நூலில் மாணவனுக்குச் சொல்லப்படும் பயிற்சி. வெட்டுவதை முதலில் பூசணிக்காயில், சுரைக்காயில், வெள்ளரியில் பழகு. நீர் நிரப்பிய தோல்பையில் பழகு. ரத்தக் குழாயைத் துளைப்பதைத் தாமரைத் தண்டில் பழகு. சாஸ்திரம் முழுவதும் படித்திருந்தாலும் கையில் பழகாதவன் சிகிச்சைக்குத் தகுதியில்லாதவன். மனித உடம்பு முதல் சோதனைச்சாலை ஆகிவிடக் கூடாது என்ற இந்தக் கவனம்தான் நம் முன்னோர் விட்டுப்போன சொத்து என்று நான் நினைக்கிறேன். வார்த்தைக்கும் இது பொருந்தும். தீபாவளியன்று நான் சித்தியிடம் சொன்ன வாக்கியத்தை எந்தப் பூசணிக்காயிலும் வெட்டிப் பார்க்கவில்லை. நேராகப் பெற்ற தாயின் மனதில் வெட்டினேன்.

மைலோ டின்

மார்ச் முதல் வாரம் பஸ் ஏறி ஈப்போ போனேன். ஒரு மைலோ டின்னில் பன்னிரண்டு வளையங்களையும் போட்டு எடுத்துக்கொண்டேன். சித்தி முன்னால் மேசையில் கொட்டினேன். சித்தி ஒன்றை எடுத்து விரலால் அமுக்கினார். அடுக்கு பிரிந்து கையோடு வந்தது.

"இதையா அன்னைக்குக் காட்டுன?"

"அன்னைக்குக் காட்டுனது இந்த ஒன்னு மட்டும் சித்தி. மத்ததெல்லாம் இப்படித்தான். ரெண்டு மூனு வருசம்னு சொன்னதும் எனக்குத் தெரிஞ்சு சொன்னதில்ல."

சித்தி ரொம்ப நேரம் பேசவில்லை. சித்தப்பா எழுந்து வெளியே போய்விட்டார். பிறகு சித்தி கேட்டார்: "அப்போ டாக்டர் சொன்ன ஆபரேசனைச் செஞ்சிடலாமா?"

"அதைச் சொல்ற அளவுக்கு எனக்குத் தெரியாது சித்தி. டாக்டர்கிட்ட இன்னொரு தடவை எல்லாத்தையும் கேளுங்க, நானும் கூட வர்றேன். ஆனா என்னை நம்பிக் காத்திருக்காதீங்க."

மன்னிப்பும் கேட்டேன். "நல்லா இருக்கட்டும்னுதானே சொன்ன" என்றார் சித்தி. அவர் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஏப்ரலில் அறுவை சிகிச்சை நடந்தது. பையன் இன்னும் கரகரவென்றுதான் இருமுகிறான். அது கொஞ்ச காலம் இருக்குமாம். ஆனால் அழுதால் இப்போது உதடு நீலமாவதில்லை. அந்த மூன்று மாதத்தில் ஒன்றும் ஆகவில்லை. அதற்கு நான் காரணமில்லை, இறைவன் கருணை.

என் புராஜெக்ட் அறிக்கையில் இப்போது பன்னிரண்டு வளையங்களின் படமும் இருக்கிறது. லெக்சரர் பார்த்துவிட்டு, "மார்க் கொஞ்சம் குறையலாம், பரவாயில்லையா?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன்.

நண்பர்களே, நம்மில் நிறைய பேர் மருத்துவம், என்ஜினியரிங், ஃபார்மசி என்று படிக்கிறோம். வீட்டில், கோயிலில், கல்யாண வீட்டில் நம்மைத்தான் கேட்பார்கள். "நீ படிச்ச பிள்ளை, நீ சொல்லு" என்பார்கள். அந்த நேரத்தில் நம் கையில் இருக்கும் படத்தில் எத்தனை வளையம் இருக்கிறது, டின்னுக்குள் எத்தனை இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் பேசுவோம்.